வெயில் அறிந்த சுவர்கள்

சேலத்துக்குத் தெற்கே பனமரத்துப்பட்டிச் சமவெளியில் வீடு கட்டியவர்களுக்குக் குளிர் ஒரு கவலையே அல்ல. சித்திரை வெயில்தான் கவலை. அதற்கு அவர்கள் கண்ட விடை மண்சுவரும் பனையோலைக் கூரையும். கனத்த மண்சுவர் பகல் வெப்பத்தை மெதுவாகவே வாங்கும். அது உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஓலை அடுக்குகளுக்கிடையே தங்கிய காற்றும் வெப்பத்தைத் தடுத்தது. தாழ்ந்து இறங்கிய தாழ்வாரம் சுவரில் வெயில் விழாமல் காத்தது. மார்கழிப் பனியில் அதே சுவர் கதகதப்பைத் தந்தது. எவ்வளவு அருமையான ஏற்பாடு!

சேலத்தை அடுத்த மலைமேலுள்ள ஏற்காட்டில் கதை வேறு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வெள்ளையர் அங்கே குடியேறத் தொடங்கினர். சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிருக்குக் கணப்பும் புகைபோக்கியும் வேண்டியிருந்தன. விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணானது.

அடிவாரத்து ஏழைச் சமையலறைகளுக்கோ புகைபோக்கியே இல்லை. பழைய வீட்டின் பெருங்குறை அதுதான். அந்தப் புகையை ஆண்டாண்டாகச் சுவாசித்தவர்கள் பெண்கள். 1865இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின் ஓட்டுக்கூரை தென்னிந்தியாவெங்கும் பரவியது. ஓட்டின் இடுக்குகள் கொஞ்சம் புகையை வெளியேற்றின. 1950களில் ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் புகையில்லா அடுப்பை வடிவமைத்தார்.

பிறகு வந்தது கான்கிரீட் தளம். பகலில் வாங்கிய சூட்டை அது இரவில் வீட்டுக்குள்ளேயே இறக்குகிறது. புதிதாக வீடு கட்டுவோர் தாழ்வாரத்தை விட்டுவிட வேண்டாம்; மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பாவது பூசுங்கள்.