எழுதாத நேரங்களில் எழுத்தாளர்கள் – குற்றாலம் முதல் நொய்யல் வரை

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம்தான் சம்பளம். பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்ப்பது அங்கே சாதாரணம். ஞாயிறு ஒரு நாள் லீவு. அதிலும் பாதி துணி துவைப்பதிலும் தூக்கத்திலும் போய்விடும். இப்படிப்பட்ட ஊரிலும் கதை, கவிதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பேனாவை மூடி வைத்த பிறகு அவர்கள் எங்கே போவார்கள்? எங்கே போய் மனதைக் கொஞ்சம் ஆற்றிக்கொள்வார்கள்?

கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் இலக்கிய வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், பல நல்ல நூல்களுக்கு விதை விழுந்ததே எழுத்தாளர் சும்மா இருந்த நேரத்தில்தான் என்பது தெரியும்.

சார்லஸ் டிக்கன்ஸ் தூக்கம் வராத இரவுகளில் லண்டன் தெருக்களில் மைல் கணக்காக நடப்பார். ஆர்.கே. நாராயண் மைசூர் கடைத்தெருவில் தினமும் நடந்து, எதிரே வருபவர்களிடம் எல்லாம் பேச்சுக் கொடுப்பார். மால்குடிக்காரர்கள் அங்கிருந்து வந்தவர்கள்தான். நம் பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தபோது, வெள்ளையர் போலீசின் ஒற்றர்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது முத்தியால்பேட்டையில் கிருஷ்ணசாமி செட்டியாரின் மாந்தோப்பு. 'குயில் பாட்டு' பிறந்த இடம் அது.

ஆனால் தமிழ் எழுத்தாளர்களின் ஓய்வு என்றால் முதலில் நினைவுக்கு வரவேண்டியது ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954). வக்கீலுக்குப் படித்தவர், 1930களில் இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையராக இருந்தவர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருந்த அவருடைய வீட்டுத் தொட்டிக்கட்டில் நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து கவிதை பேசுவார்கள். அதனால் அந்தக் கூட்டத்துக்கு 'வட்டத்தொட்டி' என்றே பெயர் வந்துவிட்டது. சங்கம் கிடையாது, சந்தா கிடையாது, தீர்மானம் கிடையாது! கம்பனில் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி அனுபவிப்பதுதான் வேலை. (தனக்குப் பிடிக்காத கம்பன் பாட்டுகளை எல்லாம் இடைச்செருகல் என்று டி.கே.சி. தள்ளிவிட்டது பெரிய சண்டையைக் கிளப்பியது. அதில் அவர் கொஞ்சம் அத்துமீறினார் என்றுதான் சொல்லவேண்டும்.)

பின்னாளில் அவர் குற்றாலத்தில் குடியேறினார். சீசன் காலத்தில் சாரலும் காற்றும் கிளம்பியதும் ராஜாஜி, கல்கி என்று ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். எண்ணெய் தேய்த்து அருவியில் ஒரு குளியல், டி.கே.சி. வீட்டுச் சாப்பாடு, பிறகு முடிவே இல்லாத பேச்சு. கரிசல்காட்டிலிருந்து கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி போன்றவர்களும் அந்தப் பேச்சுக்கு மயங்கியவர்களே. டி.கே.சி. எழுதியது குறைவுதான். ஆனால் அவருடைய பேச்சைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் எழுதியது ஏராளம்.

அதற்கு நல்ல சாட்சி கல்கி. ஒரு நாள் மாமல்லபுரம் கடற்கரையில் டி.கே.சி.யோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் 'சிவகாமியின் சபத'த்தின் மனிதர்கள் தன் மனக்கண் முன் வந்ததாக அந்த நாவலின் முன்னுரையிலேயே அவர் எழுதியிருக்கிறார். நாவல் 1944-ல்தான் பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியது. அதாவது ஒரு மாலைப்பொழுதின் பேச்சு பல வருடங்கள் உள்ளே கிடந்து ஊறியிருக்கிறது.

இதே கல்கி அதற்கு முன்பே கொங்கு நாட்டில் இருந்தவர். 1920களின் கடைசியில் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு தங்கி, மதுவிலக்குக்காக 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்த உதவினார். நூற்பும் நெசவும் நடந்த ஆசிரமம் அது. திருப்பூரும் அன்று கதருக்குத்தான் பெயர் போனது. முதல் பனியன் கம்பெனி 1925-ல் வந்தாலும், ஊர் முழுக்க பனியன் ஆனது மெல்ல மெல்லத்தான்.

அருவிக்கரையில் நாள் கணக்காகப் பேசிக்கொண்டிருக்க எல்லோருக்கும் வசதி உண்டா என்ன? பெரும்பாலான தமிழ் எழுத்தாளர்கள் மாதச் சம்பளக்காரர்கள், இல்லையென்றால் கடை வைத்திருந்தவர்கள். தி. ஜானகிராமன் வானொலி ஊழியர். அவரும் சிட்டியும் காவிரி பிறக்கும் குடகிலிருந்து கடலில் கலக்கும் பூம்புகார் வரை நதியோரமாகவே பயணம் போனார்கள். அந்தப் பயணம் 1971-ல் 'நடந்தாய் வாழி, காவேரி' என்ற புத்தகமாகிவிட்டது. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடைக்காரர். கடையை விட்டு வந்தால் வீட்டில் 'காகங்கள்' கூட்டம், இளைஞர்களோடு விவாதம்.

கொங்கு எழுத்தாளர்களில் ஆர். சண்முகசுந்தரத்தை (1917–1977) விட்டுவிட முடியாது. தாராபுரம் பக்கம் கீரனூர்க்காரர். அந்தப் பகுதி இன்று, 2009-ல் உருவான திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. கு.ப.ரா. தூண்டியதால் அவர் எழுதிய 'நாகம்மாள்' 1942-ல் வெளிவந்தது. தன் பங்கு நிலத்தைக் கேட்கும் ஒரு விதவைப் பெண்ணின் கதை. தமிழின் முதல் வட்டார நாவல் என்று இதைச் சொல்வார்கள். காடு, தோட்டம், சந்தை, அங்கே பேசும் கொங்குப் பேச்சு, இதெல்லாம் மேசை முன்னால் உட்கார்ந்து யோசித்தால் வந்துவிடாது. வேலை இல்லாமல் ஊருக்குள் சுற்றியவருக்குத்தான் அந்தப் பேச்சு காதில் விழும்.

மேலே சொன்ன கதைகளில் பெரும்பாலும் தண்ணீர் வருவதைக் கவனித்திருக்கலாம். அருவி, கடல், காவிரி. திருப்பூருக்கும் ஒரு ஆறு உண்டு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யல்.

1980களுக்குப் பிறகு பனியன் ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. சாயப்பட்டறைகளும் கூடவே பெருகின. துணிக்குச் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், வெளுக்க பிளீச்சிங் பவுடர் வேண்டும். எல்லாம் கழிவாகி ஆற்றில் இறங்கின. அன்றைக்கு எந்தப் பட்டறையில் என்ன சாயமோ அந்த நிறத்தில் ஆறு ஓடியது. கிணறுகள் உப்பாயின. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் தொட்டியானது. இதில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அணைக்காக மனு கொடுக்கும் விவசாயி, அணை வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை!

அந்தக் கரையில் போய் உட்கார்ந்து ஒரு எழுத்தாளர் மனதை ஆற்றிக்கொள்ள முடியுமா? திருப்பூர் எழுத்தாளர் சுப்ரபாரதிமணியன் அந்த ஆற்றையே எழுதினார். 1990களின் இறுதியில் வந்த 'சாயத்திரை' நாவல் சாயக்கழிவுக்கு நடுவே வாழும் மனிதர்களைப் பற்றியது. தமிழக அரசின் பரிசு பெற்றது, வேறு மொழிகளுக்கும் போனது. அவரும் சம்பளக்காரர்தான், தொலைபேசித் துறையில் வேலை. ஐதராபாத்தில் இருந்தபோது 'கனவு' என்ற சிற்றிதழைத் தொடங்கி, திருப்பூர் வந்த பிறகும் நடத்தினார். நல்ல சினிமாக்களைத் திரையிட்டுக் காட்டும் வேலையிலும் இறங்கினார். ஆற்றங்கரை இல்லாத ஊரில் இருட்டுக்குள் பத்துப் பேர் சேர்ந்து படம் பார்ப்பதும் ஒரு வட்டத்தொட்டிதான்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவு நீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அவை மறுபடி திறந்தன. நொய்யல் அதனால் பழைய நொய்யல் ஆகிவிடவில்லை. ஊர்ச் சாக்கடை இன்னும் அதில்தான் விழுகிறது.

ஊருக்கு வடகிழக்கே, ஊத்துக்குளி சாலைப் பக்கம், நல்லாற்றுத் தண்ணீர் வந்து நிறையும் நஞ்சராயன் குளம் இருக்கிறது. சுமார் 125 ஹெக்டேர். சாயமும் சாக்கடையும் இதையும் விட்டுவைக்கவில்லை. ஆனாலும் பறவைகள் வருவதை நிறுத்தவில்லை. 2022-ல் இது பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைக்கும் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு, கதை எழுதுபவர்களோ இல்லையோ, கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்து உட்கார ஊர்ப் பக்கத்திலேயே ஒரு கரை இருக்கிறது.