படங்கொண்டு காட்டு ஈக்களை இனங்காணல்

மலேசியாவின் பினாங்குக் கொடிமலையின் ஈரக் காட்டில் சில மில்லிமீட்டரே உள்ள ஈக்களைப் படம்பிடித்து, சிறகு, கண், உடல்முட்கள் ஆகியவற்றைக் கொண்டு அவற்றின் குடும்பத்தையோ பேரினத்தையோ கண்டறியும் முறை. ஜார்ஜ் டவுனுக்கு மிக அருகிலுள்ள இம்மலை 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமானது. 2017-இல் இங்கு விரிவான உயிரினக் கணக்கெடுப்பும் நடந்தது.

முதலில் பார்க்க வேண்டியது சிறகு. ஈக்குப் பறக்கும் சிறகு ஒரு சோடிதான். பின்சிறகுகள் குமிழ்தலைக் காம்புகளாகக் குறுகி, பறக்கையில் சமநிலை காக்கின்றன. வெயில்பட்ட இலையில் நெடுங்கால்களூன்றி உலோகப் பச்சையாய் மின்னுவது நெடுங்கால் ஈ. ஓடையோரச் செடிகளில் அமர்ந்து, தலையிலிருந்து நீளும் காம்பின் நுனியில் கண் கொண்டிருப்பது காம்புக்கண் ஈ. இதை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். மற்றவற்றில் சிறகு நரம்புகளின் கிளைப்பும் முதுகு முட்களின் வரிசையுமே சான்று. ஆகவே மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று என மூன்று படங்களாவது வேண்டும். அழகான ஒற்றைப் படம் பெரும்பாலும் போதாது.

பல ஈக்களின் இனத்தை ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தே உறுதிசெய்ய முடியும். படம் மட்டும் போதாது, மாதிரியும் வேண்டும் என்பதை ஈயல்லாத ஒரு பூச்சியின் கதை நன்கு விளக்கும். சிலாங்கூர் காட்டில் புகைப்படக்காரர் குவெக் ஹோக் பிங் எடுத்து இணையத்தில் இட்ட கண்ணாடி இறக்கைப் பூச்சியின் படத்தை, கலிபோர்னியப் பூச்சியியலாளர் ஷான் விண்டர்டன் தற்செயலாகக் கண்டார். சிறகடியின் கருங்கோலம் அவருக்குப் புதிது. ஆனாலும் குவெக் மீண்டும் காட்டுக்குப் போய் மாதிரியைப் பிடித்துத் தந்த பிறகே, 2012-இல் அது 'செமாகிரைசா ஜேட்' எனப் பெயர் பெற்றது.