சோழியும் தொலைநோக்கியும்

நோக்கல், கருதுகோள் அமைத்தல், சோதித்தல், முடிவு காணல் என்னும் ஒரே நெறியே அறிவியல் என்று பள்ளி நூல்கள் கற்பிக்கின்றன. எந்நாட்டினரும் உண்மையை அந்நெறி ஒன்றால்தான் கண்டனரா? தமிழ் மண்ணில் நிகழ்ந்த ஒரு வரலாறு இவ்வினாவிற்கு விடை தேட உதவுகிறது.

வெள்ளிக்கோள் கதிரவனைக் கடக்கும் காட்சியைக் காண விழைந்து, பிரெஞ்சு வானநூலார் லெ ஜெந்தில் 1768ஆம் ஆண்டு புதுச்சேரிக்கு வந்தார். 1769 ஜூன் திங்களில் அக்காட்சியை மேகம் மறைத்தது. ஆயினும் அவர் வெறுங்கையுடன் திரும்பினாரல்லர். தமிழ்க் கணியரிடம் கிரகணக் கணிதம் பயின்றார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணிதம் 41 நொடி குறைத்துக் காட்டியது. ஜெர்மானிய அறிஞர் தோபியாஸ் மேயரின் அட்டவணையோ 68 நொடி மிகுத்துக் காட்டியது.

மேயரின் அட்டவணைக்குப் பின்னே நியூட்டனின் ஈர்ப்புக் கொள்கையும் தொலைநோக்கியும் நின்றன. கணியரிடம் இருந்தவை தரையில் பரப்பிய சோழிகளும் நெஞ்சில் நிறுத்திய வாக்கியங்களுமே. திங்களின் விரைவு கூடிக் குறையும் சுற்று, 248 நாள்களில் ஏறத்தாழ ஒன்பது முறை நிறைவுறுகிறது. அந்நாள்களுக்குரிய நிலைகளை, எண்களை எழுத்துகளாக்கிச் சொற்றொடர்களாக மனனம் செய்தனர். திங்கள் எங்கிருக்கும் என்பதை அவை கூறும். ஏன் அவ்வாறு இயங்குகிறது என்பதைக் கூறா.

இவ்வளவோடு நிறுத்தினால் பெருமை மட்டுமே மிஞ்சும். 1825இல் சென்னையில் வெளிவந்த ‘கால சங்கலிதம்’ என்னும் நூலில், ஜான் வாரன் மற்றொரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். புதுச்சேரிக் கணியர் ஒருவர் சோழிகொண்டு அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடமே. முடிவு நேரத்திலோ 52 நிமிடம்! மனனம் செய்த வாக்கியம் தன் பிழையின் காரணத்தைத் தானே காட்டாது. காரணம் அறிய வேண்டின் மீண்டும் வானத்தையே நோக்க வேண்டும். கேரளத்துப் பரமேசுவரர் அவ்வாறே பல்லாண்டுகள் கிரகணங்களை நோக்கிப் பழங்கணிதத்தைத் திருத்தி, 1431இல் ‘திருக்கணிதம்’ வகுத்தார். கண்ட காட்சியோடு ஒத்த கணிதம் என்பதே அப்பெயரின் பொருள்.

ஆகவே, உண்மையை அணுகும் வழிகள் பல. அவ்வழிகளைச் சோதிக்கும் மன்றமோ ஒன்றே. முன்னோர் வழி என்பதற்காக அம்மன்றத்தில் சலுகை இல்லை. மேனாட்டு வழி என்பதற்காகவும் இல்லை.

பிறமாநிலத்தில் வாழும் நம் இல்லங்களில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் திதியின் நேரத்தில் மாறுபடுவதைக் காண்கிறோம். எது சரி என்று பிள்ளைகள் வினவினால், அவர்களை அதட்டி அடக்க வேண்டா. அடுத்த கிரகணத்தன்று கடிகாரத்துடன் மொட்டைமாடிக்கு அழைத்துச் செல்வோமாக. பரமேசுவரர் செய்ததும் அதுவே.