சியாவுலா: தென்னாப்பிரிக்காவின் திறந்த பாடநூல்கள்

சியாவுலா, தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் இயங்கும் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம். பள்ளிக் கணக்கு, அறிவியல் நூல்களை எவரும் காசில்லாமல் படிக்கலாம், படியெடுக்கலாம், அச்சிடலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டது.

இதன் வேர் 2002இல் இருக்கிறது. கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்த மார்க் ஹார்னர், அறிவியல் விழா ஒன்றில் அலைகளைப் பற்றிச் செய்து காட்டி விளக்கினார். கேட்டிருந்த கிராமப்புறப் பிள்ளைகள் தாங்கள் எடுத்த குறிப்புகளைச் சரிபார்த்துத் தரச் சொன்னார்கள். அவர்களுடைய பள்ளிக்கு அந்தக் குறிப்புகள்தாம் இயற்பியல் பாடநூலாக இருக்கப்போகின்றன என்று தெரியவந்தபோது ஹார்னர் அதிர்ந்தார். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு உயர்நிலைப் பள்ளி அறிவியல் நூல்களை இலவசமாக எழுதித் தரும் திட்டத்தைத் தொடங்கினார். யுனெஸ்கோ பாரிஸில் கூட்டிய அரங்கில் இத்தகைய பாடப்பொருள்களுக்குத் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயர் பிறந்ததும் அதே ஆண்டுதான்.

தன்னார்வலர்கள் இணையம் வழியே எழுதினார்கள். ஆனால் பாடத்திட்டத்தோடு ஒப்பிடுவதும், ஒவ்வொரு பயிற்சிக்கும் விடை சரிபார்ப்பதும், படம் வரைவதும் ஓய்வு நேரத்தில் முடிகிற வேலைகள் அல்ல. ஷட்டில்வொர்த் அறக்கட்டளை கைகொடுத்த பிறகே சியாவுலா உருவாகி, பணி வேகம் பிடித்தது.

திருப்பம் 2011இல் வந்தது. 10 முதல் 12 வரையிலான வகுப்புகளின் கணக்கு, இயற்பியல் அறிவியல் நூல்களை அரசின் அடிப்படைக் கல்வித் துறை அச்சிட முன்வந்தது. உரிமத் தொகை இல்லை; அச்சுக்கும் அனுப்புவதற்கும் மட்டுமே செலவு. 2012 கல்வியாண்டுக்காகச் சுமார் 25 லட்சம் பிரதிகள் அரசுப் பள்ளிகளுக்குப் போயின. சியாவுலாவின் மிகப் பெரிய சாதனை இதுவே. கணினியும் இணையமும் எட்டாத பிள்ளைக்கு, கோப்பாகக் கிடக்கும் இலவச நூலால் பயனில்லை. கையில் கொடுத்த நூல்தான் அவளுடையது. கைபேசி வைத்திருந்தவர்களால் அந்நாட்டு இளைஞர்களிடையே அப்போது பரவியிருந்த மிக்சிட் செயலியிலும் இந்நூல்களைப் படிக்க முடிந்தது.

நூல் வெளிவந்துவிட்டால் வேலை முடிவதில்லை. 2012இலிருந்து தென்னாப்பிரிக்காவில் மேல்நிலை வகுப்புகளின் பாடத்திட்டம் படிப்படியாக மாறியது. நூல்களையும் மாற்ற வேண்டியிருந்தது. அதற்குத் தொடர்ந்து பணம் வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாக வெளியிட்ட திட்டம், நிதி தீர்ந்ததும் 2009இல் நின்றுபோனது. நன்கொடையை மட்டும் நம்பும் முயற்சிகள் எல்லாவற்றின் தலைக்கு மேலும் இந்த ஆபத்து தொங்குகிறது.

சியாவுலா வேறு வழி பார்த்தது. நூலை இலவசமாகவே வைத்துக்கொண்டு, இணையப் பயிற்சிச் சேவையைத் தனியாக உருவாக்கியது. மாணவர் தரும் விடையைப் பார்த்து அடுத்த கணக்கின் கடினத்தை அது கூட்டும், குறைக்கும். விடை தவறினால் தீர்வைப் படிப்படியாகக் காட்டும். அதற்கான கட்டணத்தைப் பெற்றோரோ பள்ளியோ புரவலர் நிறுவனங்களோ ஏற்கும்படி அமைத்தது. நூலை மட்டும் வேண்டுவோர் இன்றும் பணம் கட்டாமல் இறக்கிக்கொள்ளலாம்.