பழங்கணினிக் காணொளிகளில் தொழில்நுட்பம் எவ்வளவு இருக்கலாம்? கொல்கத்தா தரும் விடை

தென்கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸை ஒட்டிச் செல்லும் பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் மேற்கே சென்றால் வங்கத் திரைப்படத் தொழிலின் இருப்பிடமான டாலிகஞ்ச். கிழக்கே சென்றால் ஜாதவ்பூர். ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் நகரின் வடக்கே பராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய டிரான்சிஸ்டர் கணினி 1966இல் செயல்பாட்டுக்கு வந்தது. இரு நிறுவனங்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 என்று பெயரிட்டனர்.

இத்தகைய கணினி ஒன்றைப் பற்றி இன்றைய மாணவருக்குக் காணொளி எடுப்பவர் முதலில் எதிர்கொள்வது ஒரு பழைய கேள்வி: தொழில்நுட்பத்தை எவ்வளவு சொல்வது? பொதுப் பார்வையாளர் மிரள்வார் என்று அஞ்சுவோர் மின்சுற்றை விட்டுவிட்டு, அறை நிறைய நின்ற எந்திரம், பழைய புகைப்படம், ஏக்கம் என்று முடித்துவிடுகின்றனர். வல்லுநரை மனத்தில் கொள்வோர் மின்னழுத்த அளவுகளையும் உறுப்பு எண்களையும் அடுக்குகின்றனர். முன்னதில் கணினி இல்லை. பின்னதில் மனிதர் இல்லை. அளவைப் பற்றிய கேள்வியாக இதை வைத்துக்கொள்வதே சிக்கலின் தொடக்கம். ஒரு நுட்பச் செய்தி எந்த வரலாற்றுக் கேள்விக்கு விடையளிக்கிறது என்பதே கேட்கப்பட வேண்டியது.

பராநகரின் முதல் மின்னணு எண்மக் கணினியை எடுத்துக்கொள்ளலாம். ஆண்ட்ரூ பூத்தின் வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டு பிரிட்டிஷ் டேபுலேட்டிங் மெஷின் நிறுவனம் தயாரித்த ஹெச்.இ.சி.-2எம், 1955இல் மஹலனோபிஸ் தலைமையிலிருந்த புள்ளியியல் நிறுவனத்திற்கு வந்தது. அதைக் கையாள்வதற்காக மோஹி முகர்ஜியும் அமரேஷ் ராயும் இங்கிலாந்தில் மாதக்கணக்கில் பயிற்சி பெற்றனர். ஒரு கணினியை இயக்க அத்தனை காலம் ஏன் என்று இன்றைய மாணவர் வியப்பது இயல்பு. அதற்கான விடை எந்திரத்தின் உள்ளே இருக்கிறது.

அதன் நினைவகம் சுழலும் காந்த உருளை. அதில் 1024 'சொற்கள்' கொள்ளும். இங்கே சொல் என்பது மொழியியலார் கூறும் சொல் அன்று. ஓர் எண்ணோ ஒரு கட்டளையோ தங்கும் ஓரிடம். அசெம்பிளரும் இல்லாததால் ஒவ்வொரு கட்டளையையும் எந்திர மொழியிலேயே எழுத வேண்டும். தேவையான இடம் படிக்கும் முனைக்கு நேராக வரும்வரை உருளைக் கணினி காத்திருக்கும். நிமிடத்திற்கு 3000 முறை சுழலும் ஓர் உருளையை எண்ணிப் பார்த்தால், ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. சராசரிக் காத்திருப்பு 10 மில்லி விநாடி. பல்லாயிரம் கட்டளைகள் நிறைவேறும் கணக்கில் இந்தக் காத்திருப்பு நிமிடங்களாகப் பெருகும். ஆகவே இத்தகைய கணினிகளில் நிரல் எழுதுவோர், என்ன கட்டளை என்பதோடு அதை உருளையில் எங்கே வைப்பது என்பதையும் சிந்தித்தனர். இவ்வளவும் அறிந்த பின்னரே, நீண்ட பயிற்சி வெறும் சடங்கன்று என்பது விளங்கும்.

1950களின் இறுதியில் ஐக்கிய நாடுகள் அவையின் உதவியோடு சோவியத் யுரல் கணினியும் பராநகருக்கு வந்தது. துளையட்டைக்கு மாறாக, அது 35 மி.மீ. திரைப்படச் சுருளில் இட்ட துளைகளைப் படித்தது. டாலிகஞ்ச் படப்பிடிப்புக் கூடங்களில் ஓடிய படச்சுருளின் அதே அகலம்! இந்தச் செய்தியைச் சுவைக்காக மட்டும் சொல்லி நிறுத்தினால் அது துணுக்கு. ஒரே கூரையின் கீழ் இருந்த இரு கணினிகளின் ஊடகமும் கட்டளைத் தொகுதியும் வெவ்வேறு. ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றொன்றுக்கு அடியிலிருந்து எழுத வேண்டும் என்று தொடர்ந்தால் அது வரலாறாகிறது. ஈட்டிய திறமையில் ஒரு பகுதி ஒவ்வோர் எந்திரத்தோடும் காலாவதியானது.

அப்படியானால் எதை விடலாம்? வெற்றிடக் குழாயின் மாதிரி எண்ணும் மின்வழங்கியின் அளவும், அவற்றால் ஒருவருடைய பணியோ முடிவோ மாறியதாகக் காட்ட முடியாத இடத்தில், விளக்கக் குறிப்புக்குப் போகலாம். மாறாக, 'கம்ப்யூட்டர்' என்ற சொல் அந்நாளில் கணக்கிடும் பணியாளரையும் குறித்தது என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிடில், மின்னணுக் கணினி வந்தபோது கையால் இயக்கும் கணக்குப்பொறிகளின் முன் அமர்ந்திருந்தோரின் உழைப்பு கண்ணில் படாமலே போய்விடும்.

ஆழமான செய்தி பார்வையாளரை விரட்டிவிடும் என்பதற்கும் எதிர்ச்சான்று உண்டு. ஆல்பர்ட் மால்வினோவின் பாடநூலிலுள்ள எளிய கணினி வடிவத்தைத் தழுவி, ஒரு 8-பிட் கணினியைக் கம்பி கம்பியாகப் பொருத்திக் காட்டும் பென் ஈட்டரின் காணொளித் தொடர் பல மணி நேரம் நீள்கிறது. ஆயினும் அது உலகெங்கும் பெருந்திரளானோரால் பார்க்கப்படுகிறது. ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து எழுவதே காரணம். பார்வையாளரைக் களைப்படையச் செய்வது ஆழம் அன்று, விளக்கப்படாத தாவல்.

இது வெறும் நடை பற்றிய விவாதம் அன்று. துளையிட்ட அட்டையோ சுருளோ கிடைத்தாலும், கட்டளைத் தொகுதி தெரியாவிடில் அது வாசிக்கப்படாத கல்வெட்டே. அவற்றை வாசிக்கத் தெரிந்த தலைமுறை முதுமையில் இருக்கிறது. அவர்களிடம் கேமராவை எடுத்துச் செல்லும் மாணவர், "அந்த நாட்கள் எப்படி இருந்தன?" என்று கேட்பதோடு, "இந்தக் கட்டளையை ஏன் இந்த இடத்தில் வைத்தீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு நினைவு கிடைக்கும். இரண்டாவது கேள்விக்குச் சான்று கிடைக்கும். ஒளிபரப்பும் காணொளி சுருங்கலாம். ஆவணமாகச் சேமிக்கும் பதிவு சுருங்கக் கூடாது.