எம்.பி. சீனிவாசன்: ஊரையே பாடவைத்தவர்

எம்.பி.எஸ். என்று திரையுலகம் அழைத்த மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் 1925 செப்டம்பர் 19 அன்று சித்தூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த காலத்திலேயே மாணவர் இயக்கமும் கம்யூனிஸ்ட் கட்சியும் அவரை ஈர்த்துக்கொண்டன. பிறகு, விடுதலைப் போராட்டத் தலைவர் சைஃபுதீன் கிச்லுவின் மகள் ஜாகிதாவை மணந்தார்.

நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' (1960) அவருடைய முதல் முக்கியமான தமிழ்ப்படம். ஜெயகாந்தன், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கே.சி.எஸ். அருணாசலம் ஆகியோர் எழுதிய பாடல்களுக்கு அவர் அமைத்த மெட்டுகள் இன்றும் கேட்கப்படுகின்றன. ஆனாலும் தமிழ்த் திரையுலகம் அவரை அதிகம் பயன்படுத்திக்கொள்ளவில்லை. அந்த இழப்பு தமிழுக்குத்தான்.

மலையாளம் அவரை வாரி அணைத்துக்கொண்டது. ஃபோர்ட் கொச்சியில் நாடக நடிகர் அகஸ்டின் ஜோசஃபின் மகனாகப் பிறந்த கே.ஜே. யேசுதாஸ், திரைக்காக முதன்முதலில் பாடியது சீனிவாசனின் இசையில்தான். 1961 நவம்பர் 14 அன்று சென்னை பரணி ஸ்டுடியோவில் 'கால்பாடுகள்' படத்துக்காக அந்த ஒலிப்பதிவு நடந்தது. ஸ்ரீநாராயண குருவின் நான்கு வரிச் செய்யுளை அன்று அவர் பாடினார். 'உள்கடல்', 'யவனிகா', அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' ஆகியவையும் சீனிவாசன் இசையமைத்த படங்களே. திரை இசைக்கலைஞர்களின் ஊதியத்துக்கும் உரிமைக்கும் சங்கம் கட்டிப் போராடியதும் அவர் வாழ்க்கையின் பெரும் பகுதி.

எனினும் அவருடைய தனிச்சாதனை சேர்ந்திசைதான். கல்கத்தாவில் ருமா குஹா தாகுர்தா 1958-இலேயே இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கியிருந்தார். 1970-களின் தொடக்கத்தில் சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். கர்நாடக இசையில் எத்தனை பேர் பாடினாலும் எல்லோருக்கும் ஒரே மெட்டு. மேற்கத்தியச் சேர்ந்திசையிலோ ஆண், பெண் குரல்கள் மேல், கீழ் எனப் பிரிந்து வெவ்வேறு சுரவரிசைகளை ஒரே நேரத்தில் பாடும். இப்படிப் பிரியும்போது ராகத்தின் சாயல் கலைந்துவிடக்கூடாது. பாட்டின் சொல்லும் மூழ்கிவிடக்கூடாது. பாரதியின் பாடல்களைக் குழுவுக்காக அமைத்தபோது அவர் எதிர்கொண்ட சிக்கல் இதுதான். தேர்ந்த வித்வான்களைத் தேடாமல், பாட ஆசைப்பட்ட சாதாரண இளைஞர்களைத் திரட்டி, நின்று கையசைத்து வழிநடத்தினார். தனிப்பாடகர் என்று எவரையும் முன்னிறுத்தாத அந்த முறையில் அவருடைய அரசியலும் இருந்தது.

சேர்ந்திசை பயிற்றுவிப்பதற்காக லட்சத்தீவுக்குச் சென்றிருந்தபோது, 1988 மார்ச் 9 அன்று அங்கேயே காலமானார். தேவாலயங்களுக்கு வெளியே தமிழில் சேர்ந்திசை வேரூன்றியதில் அவருக்கு இணையான பங்கு வேறு எவருக்கும் இல்லை.