மண்டிக் கணக்கும் படைக் கணக்கும்

புழலை அடுத்த செங்குன்றத்து அரிசி மண்டியில் சரக்குத் தேங்கினால் முதல் முடங்கும். வந்த மூட்டை சீக்கிரம் போவதே வியாபாரம். படைக் கிடங்கையும் இப்படியே நடத்தினால் செலவு மிச்சமாகும் என்பது இன்றைய நிர்வாகவியல் வாதம். வியாபாரியே படை நடத்தினால் என்ன ஆகும் என்பதை இந்த வட்டாரம் 1780-இலேயே கண்டது. துணிக்கிடங்குக்குத் தனி அதிகாரியும் பேரேடும் வைத்திருந்த கிழக்கிந்தியக் கும்பினி, சிப்பாயின் அரிசிக்கு ஆர்க்காட்டு நவாபின் வாக்கை நம்பியது. மைசூரின் ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது, குண்டூரிலிருந்து புறப்பட்ட கும்பினித் தளபதி பெய்லியின் படை கும்மிடிப்பூண்டிப் பக்கம் கொசஸ்தலை வெள்ளத்தில் நின்றுவிட்டது. சில நாள் அரிசியோடு காஞ்சிபுரம் போன தலைமைத் தளபதி ஹெக்டர் மன்றோ, அங்கே சேர்த்த தானியத்தை விட்டுப் பெய்லிக்கு உதவ நகர முடியாமல் கிடந்தார். செப்டம்பர் 10-இல் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. மன்றோ பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார்.

தோற்றது தளபதிகளின் மதியீனத்தால், அரிசியால் அல்ல என்று சொல்லலாம். படையைப் பிரித்து வைத்தது பிழைதான். ஆனால் அந்தப் பிழையைத் திருத்த விடாமல் மன்றோவின் காலைக் கட்டியது அரிசி. 1803-இல் மராத்தியரோடு நடந்த போரில் கும்பினித் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி, மாட்டுப் பொதியில் தானியம் கொண்டுவரும் பிரிஞ்சாரி வியாபாரிகளை வைத்தே வென்றாரே என்றும் கேட்கலாம். வென்றார், ஆனால் அவர்களை மட்டும் நம்பவில்லை. மைசூர்ப் பொதி மாடுகளைத் தன் கையில் வைத்திருந்தார். அகமதுநகரைப் பிடித்துக் கிடங்காக்கிய பிறகே அசாயேவில் மோதினார். தேங்கும் சரக்கு மட்கும் என்பது மூன்றாவது மறுப்பு. அதற்கு மருந்து மண்டியிலேயே இருக்கிறது: பழையதை முதலில் எடு, எடுத்த அளவுக்குப் புதியதை நிரப்பு, மூட்டையை எண்ணிப் பேரேட்டில் ஏற்று. வியாபாரியிடம் படை கற்க வேண்டியது இந்த ஒழுங்கை; இருப்பைக் குறைக்கும் ஆசையை அல்ல. கடையில் சரக்குத் தீர்ந்தால் ஒரு நாள் லாபம் போகும். போரிலோ, தேவைப்படும் அன்றுதான் சந்தையே இருக்காது. 40 நாள் போருக்கு வெடிமருந்து இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரைப்படையின் அளவுகோலாக இருந்தது. 152 வகைகளில் 61 வகை 10 நாளுக்குக்கூடக் காணாது என்று 2017-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டியதும் இந்த இருப்புக் குறையைத்தான்.

ஹைதரின் படையெடுப்பில் ஊர்ப்புறம் பாழான பின் சென்னை கடல்வழி வரும் அரிசியை நம்பியது. 1782 அக்டோபர் புயல் அரிசிக் கப்பல்களையும் விழுங்கியது. அப்போதைய பஞ்சத்தில் ராயபுரம் பக்கம் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடமே மணியக்காரர் சத்திரம். அதன் வழிவந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னையின் பழைய ஆட்கள் இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்கிறார்கள்.